தொண்ணூற்றேழு

ஒரே ஒரு வாரம்.
திங்கட்கிழமை பட்டியல் வந்தது.
அடுத்த திங்கள் நூற்றுமூன்று.
இடைப்பட்ட ஏழு நாளில்
இந்த உலகத்தில் என்னைவிட நன்றாக டென்னிஸ் ஆடியவர்கள்
தொண்ணூற்றாறு பேர்தான்.
அதில் நான்கு நாள் எனக்குக் காய்ச்சல்.
மெந்தோசாவில், பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
ஒரு விடுதியில் சுருண்டு கிடந்தேன்.

இப்போது பஹியா பிளாங்காவில்
காலை ஏழு மணிக்குப் பல் மருத்துவர்கள் வருகிறார்கள்.
எட்டுக்கு நோட்டரி கஸ்தாஞ்யோலா.
ஒவ்வொரு முறை வலையில் அடித்ததும்
ராக்கெட்டைத் திருப்பிப் பார்ப்பார்
அதில் ஓட்டை விழுந்துவிட்டதுபோல.
சுவரில் சட்டம் போட்டு என் எண்ணை மாட்டியிருக்கிறார்கள்,
கீழே மாத்தே குடிப்பவர்களின் வெந்நீர்க் குடுவைகள்.

நடுவில் பதினான்கு வருடம்.
முதல் சுற்றில் தோற்றால் இருநூற்றறுபது டாலர்,
வரி போக.
நரம்பு கட்ட ஆள் வைக்கக் காசில்லாமல்
விமான நிலையத் தரையில் உட்கார்ந்து நானே கட்டினேன்.
செங்கல் தூள் காலுறையில் ஏறினால்
எந்த சோப்புக்கும் போகாது.
தோளில் இரண்டு அறுவைசிகிச்சை.
இரண்டாவதைச் செய்தவர் கேட்டார்:
இந்தக் கையால் வேறென்ன வேலை தெரியும்?

மார்ச்சில் ரமீரோ எச்செகாரை அழைத்தான்.
வயது முப்பத்துமூன்று, தரவரிசை இருநூற்றுப் பதினொன்று.
சம்பளம் தர முடியாது,
ஜெயித்தால் பத்தில் ஒரு பங்கு என்றான்.
ஜெயிப்பதில்லை என்று அவனும் சொல்லவில்லை
நானும் சொல்லவில்லை.

ஏன் என்னை, என்று கேட்டிருக்க வேண்டும்.

சால்தாவில் தகுதிச் சுற்றின் கடைசி ஆட்டம்.
மூன்றாம் செட், டைபிரேக், மேட்ச் பாயிண்ட் அவனுக்கு.
பின்கையால் கோட்டோரம் அடித்தான்.
அவுட் என்று கத்தினேன்.
நடுவர் நாற்காலியை விட்டு இறங்கி வருவதற்குள்
மூன்று அடி நடந்திருந்தேன்.
கால்தான் நடந்ததா நான் நடத்தினேனா,
நீதிமன்றத்தில் கேட்டால் இன்றும் திணறுவேன்.
ஆனால் விரலை நான்தான் நீட்டினேன்.
உண்மைத் தடத்தின்மேல் நின்றுகொண்டு
பழைய தடம் ஒன்றைக் காட்டினேன்,
கோட்டுக்கு வெளியே, இரண்டு விரல் தள்ளி.

அங்கே நுழைந்த போட்டியில்தான் இறுதிவரை போனேன்.
அந்தப் புள்ளிகளில்தான்
அந்த வாரம்.

ஏப்ரல் முழுக்க அவன் பின்கையைப் பார்த்தேன்.
அழகான கை. தண்ணீரில் துடுப்பு போடுவதுபோல்.
ஆனால் ஸ்கோர் இறுகினால் போதும்,
பந்து கோட்டிலிருந்து ஒரு முழம் உள்ளே விழுகிறது,
எதிராளி சோம்பேறியாக எட்டிவிடுகிறான்.

கோட்டை ஏன் பயப்படுகிறாய்? என்றேன்.
பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே இருந்தான்.
எப்போதிலிருந்து?
சால்தா, என்றான்,
நிமிர்ந்து பார்க்காமல்,
ஊரின் பெயரை வழி கேட்டவனுக்குச் சொல்வதுபோல.

தெற்கிலிருந்து காற்று.
இங்கே எப்போதும் காற்றுதான்.
வாய்க்குள் ஒரு வார்த்தையைத் தேடினேன்,
கிடைத்தது:
முழங்காலை இன்னும் மடக்கு.

ஒரு கூடையில் எண்பது பந்து.
முப்பதாவது நெருங்கியது.
நாற்பத்தாறு வெளியே, நிஜமாகவே வெளியே,
இருவரும் சிரித்தோம்.
ஐம்பத்திரண்டு பட்டையை உரசி
அரை நிலவாகத் தூளில் பதிந்தது.

பயிற்சியில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை.
நான் போனேன்.
ஷூ படாமல் சுற்றி நடந்து, குந்தி உட்கார்ந்து,
விரலால் அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.
உள்ளே, என்றேன்.
குரல் கொஞ்சம் பெரிதாக வந்துவிட்டது.
பக்கத்து மைதானத்தில் நோட்டரி திரும்பிப் பார்த்தார்.

தெரியும், என்றான் ரமீரோ
வலைக்கு அந்தப் பக்கமிருந்து.
அடுத்ததைப் போடு.